வரைபடத்திலேயே தொடங்கும் விபத்து

சென்னைப் புறநகர்க் குடியிருப்போர் நலச் சங்கங்கள் உள்ளாட்சி அலுவலகங்களில் அளிக்கும் மனுக்களில் இரண்டு கோரிக்கைகள் தவறாமல் இடம்பெறுகின்றன: தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்பது ஒன்று, பிள்ளைகள் விளையாட ஒரு திடல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது சாலைப் பிரிவுக்கும் பின்னது பூங்காப் பிரிவுக்கும் எனத் தனித்தனி மேசைகளுக்குப் போய்விடுவதால், இரண்டும் ஒரே குறையிலிருந்து பிறந்தவை என்பது எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. விளைநிலம் மனைகளாகப் பிரிக்கப்படும்போது வரையப்படும் வரைபடத்திலேயே அந்தக் குறை குடியேறிவிடுகிறது.

மேடவாக்கம், பெரும்பாக்கம், மாங்காடு போன்ற ஊர்கள் ஒரே திட்டத்தின்கீழ் வளர்ந்தவை அல்ல. ஒவ்வொரு நில உரிமையாளரும் தம் நிலத்தின் எல்லை வரைக்கும் மட்டுமே தெருக்களை அமைத்து மனைகளை விற்றதால், விளம்பரங்களில் 23 அடி என்றும் 30 அடி என்றும் சொல்லப்பட்ட தெருக்கள் பக்கத்து மனைப்பிரிவின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றுவிடுகின்றன. இதனால் அடுத்த தெருவுக்குப் போக வேண்டியவரும்கூடச் சுற்றிக்கொண்டு, ஒரு காலத்தில் மாட்டுவண்டிப் பாதையாக இருந்த பழைய கிராமச் சாலைக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது. தண்ணீர் லாரியும் பள்ளி வேனும் ஷேர் ஆட்டோவும் செல்லும் வழி அதுவே. நியாயவிலைக் கடை, மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை இருப்பதும் அதன் ஓரத்திலேயே. நடப்பவரையும் விரைபவரையும் ஒரே ஒடுக்கமான சாலையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் பிறகு ஒழுங்கை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பு விதித்தது. இந்த எண் ஏதோ ஒரு வசதிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று. ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த நொடியில் ஏறத்தாழ 8 மீட்டர் கடந்து, உலர்ந்த சாலையில் மேலும் 5 மீட்டர் ஓடி நின்றுவிடுகிறது. 50 கிலோமீட்டரில் வரும் காரோ பிரேக் பிடிப்பதற்கு முன்பே ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஆகவே 14 மீட்டர் தொலைவில் பந்தைத் துரத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்ட குழந்தைக்கு முதல் கார் ஓர் அதிர்ச்சியோடு முடிந்துபோகும். இரண்டாவது கார் சற்றும் வேகம் குறையாமல் வந்து மோதும். ஆனால் அறிவிப்புப் பலகை மட்டும் எந்த வண்டியையும் மெதுவாக்கிவிடுவதில்லை.

அதனால்தான் வேகத்தடைக் கோரிக்கை எழுகிறது. சாலைப் பொறியியல் தரங்களை வகுக்கும் அமைப்பாகிய இந்தியச் சாலைப் பேராயம், பொதுவான வாகனப் போக்குவரத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாக, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தெருக்களில் நடைமுறையில் காணப்படுபவையோ இரவோடு இரவாகக் கொட்டப்பட்ட, வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத குறுகிய மேடுகளே. மழைநீர் வடிவதற்காக அவற்றின் இரு ஓரங்களிலும் விடப்படும் ஒரு முழ இடைவெளியில் இருசக்கர வாகனங்கள் வேகம் குறைக்காமலே வளைந்து நுழைகின்றன. நடைபாதை இல்லாத தெருவில் மக்கள் நடப்பதும் அதே ஓரத்தில்தான். காப்பதற்காகப் போடப்பட்ட தடை வண்டிகளை நடப்பவர்மீதே திருப்பிவிடுகிறது.

விளையாட்டுத் திடலின் கதை இதைவிட நீளமானது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பேச்சுவழக்கில் இதையே ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுகளுக்கு நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் செலுத்தவும் வழியுண்டு. அதற்கும் சிறியவற்றுக்கு இந்தக் கடமையே இல்லை. பெரிய நிலம் சிறு துண்டுகளாக விற்கப்படும் இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறிய பின்னும் ஒரு திடல்கூட இல்லாமல் போவதற்கு இதுவும் காரணம். கருவூலத்துக்குப் போன பணத்தால் அந்தத் தெருவில் மீண்டும் ஒரு நிலத்தை உண்டாக்க இயலாது.

நிலம் கிடைத்த இடங்களிலும் அது எங்கே கிடைக்கிறது என்பது முக்கியமானது. மனையாக விற்க முடியாத முக்கோண மூலையோ, வடிகாலை ஒட்டிய தாழ்வான பகுதியோ, பெரிய சாலைக்கு மறுபுறம் ஒதுங்கிக் கிடக்கும் துண்டோ திறந்தவெளியாகக் காட்டப்படும்போது, பத்து விழுக்காடு என்ற கணக்கு நேராகிவிடுகிறதே தவிர, பிள்ளைகள் அங்கே தனியாகப் போக முடிவதில்லை. கேட்பாரற்ற அந்த இடம் காலப்போக்கில் குப்பை சேரும் இடமாகிறது, அல்லது வேறு ஏதோ ஒரு கட்டடம் அங்கே எழும்பிவிடுகிறது. பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மருத்துவமனையே ஆனாலும் பூங்கா நிலத்தைப் பறித்துக் கட்டலாகாது என்ற அந்த நிலைப்பாட்டை நலச் சங்கங்கள் மறக்கலாகாது. அடுக்குமாடி வளாகங்களில் வசிப்போருக்கு இந்தக் கவலை குறைவு, ஏனெனில் அவர்களுடைய திடல் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. மதிலுக்கு வெளியே வசிக்கும் பிள்ளைகளுக்குத் தெருவே கிரிக்கெட் மைதானம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் பிற்பகுதியில் குடியிருப்புத் தெருக்களை வளைவுகளாலும் மரங்களாலும் மாற்றியமைத்து, வண்டிகள் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும்படி செய்தார்கள். 1976-இல் அது சட்ட ஏற்பும் பெற்றது. அதை அப்படியே இங்கு பெயர்த்து நட வேண்டியதில்லை. முட்டி நிற்கும் தெருக்களின் சுவர்களில் நடப்பவரும் சைக்கிளும் மட்டும் நுழையும் அளவுக்கு வழி திறந்தாலே பழைய கிராமச் சாலையின் சுமை பெருமளவு குறையும். அந்நியர் நடமாட்டம் பெருகும் என்ற அச்சத்தால் இதை முதலில் எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தடை கேட்டு மனு எழுதியவர்களே என்பது வேடிக்கையானது. ஆள் நடமாட்டமுள்ள தெருவே காவலுள்ள தெரு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய மனைப்பிரிவுகளைப் பொறுத்தவரை, திறந்தவெளியின் பரப்பளவோடு அங்கே நடந்து சென்றடையும் பாதையையும் வரைபடத்தில் காட்டினாலன்றி ஒப்புதல் வழங்கக்கூடாது.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் அமைக்க 2022-இல் தமிழ்நாட்டில் விதிகள் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. அடுத்த கூட்டத்துக்குச் செல்வோர் வேகத்தடைக்கான மனுவோடு தங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலையும் எடுத்துச் சென்று, அதில் பச்சை நிறத்தில் காட்டப்பட்டிருக்கும் நிலம் இப்போது யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.