விதை எண் என்ன?

கணினித் திரையில் ஒரு பாதிச் சிறுத்தை. இரண்டே கால்; விழுந்து எழுந்து, தானாக ஓடக் கற்க வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் அதைப் பத்து முறை பழக்கினார்கள். அதே புரோகிராம், அதே செட்டிங். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதுபோல, தொடக்கத்தில் கொடுக்கும் ‘விதை’ எண் மட்டும் வேறு. ஐந்தைந்தாகப் பிரித்துச் சராசரி எடுத்தால், இரண்டும் வெவ்வேறு முறைகளோ என்று நினைக்கும் அளவுக்கு வித்தியாசம்!

சக ஊழியரின் ஏ.ஐ. சோதனையைத் திரும்பச் செய்து ‘எனக்கு வரலையே’ என்று விழிப்பவர்கள், அவரைச் சந்தேகிக்கும் முன் விதை எண்ணைக் கேட்கலாம். நன்றாக ஓடிய சிறுத்தையை மட்டும் காட்டும் ஆசை யாருக்குத்தான் இல்லை?

அந்தக் குழுவிலிருந்த ஜோயல் பினோ, 2019 நியூரிப்ஸ் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியவர்களிடம் ஒரு செக்லிஸ்ட்டை நீட்டினார். அதில் ஒரு கேள்வி: மொத்தம் எத்தனை முறை ஓட்டினீர்கள்?