சும்மா கிடக்கும் அறையும் கீழ் வீட்டு விளக்கும்



எங்கள் நாலரை அறை வீட்டில் ஓர் அறையில் ஐந்து வருடமாகத் தம்பி இருந்தான். கலியாணம் முடித்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். அவன் போய் மூன்று கிழமைக்குள் அந்த அறையைப் பயணப்பெட்டிகளும் அரிசி மூட்டைகளும் பிடித்துக்கொண்டன. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஓர் அறை இருக்கும்.

அந்த மாதம்தான் குடும்ப வைத்தியர் மனைவியின் இரத்தத்தைச் சோதித்து, சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். எங்களைப் போன்ற தெற்காசிய மக்களுக்கு இளவயதிலேயே, உடம்பு அதிகம் பருக்காத போதும் நீரிழிவு வரக்கூடும். "நாள் முழுக்க உணவகச் சமையலறையில் நிற்கிறேனே, அது காணாதா?" என்று மனைவி கேட்டார். காணாது. ஓரிடத்தில் நிற்பது கால்நோவைத்தான் தரும். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு ஆகக்குறைந்தது 150 நிமிடம் மூச்சுச் சற்று வாங்கும்படியான அசைவும், இரண்டு நாள் தசைகளுக்குப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

அறையை ஒதுக்கி, பழைய ஓட்ட இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கினேன். மனைவிக்கென்று வாங்கியதில் முதலில் ஏறியவன் நான். வேலை முடிந்து வந்து இரவு பதினொரு மணிக்கு ஓடினேன். இரண்டாம் கிழமை வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அகதியாக வந்தவர்களுக்குக் கடிதப்பெட்டியைத் திறக்கும்போதே நெஞ்சு பதறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மகளை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு கீழ் வீட்டு மூதாட்டியிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. தன் படுக்கையறைக் கூரையில் தொங்கிய விளக்கைக் காட்டி, "நீங்கள் ஓடும்போது இது ஆடுகிறது" என்றார். அன்று நான் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

சத்தம்: கொங்கிறீற் தளம் பாரத்தைத் தாங்கும், ஆனால் காலடி அதிர்வைக் கீழே கடத்தும். ஓடுவது, கயிறு அடிப்பது, பாரத்தைப் போடுவது மூன்றும் மாடிவீட்டுக்கு ஆகாதவை. நிற்கும் சைக்கிள் மேலானது. அதன் கீழும் தடித்த இறப்பர் விரிப்புப் போடுங்கள். பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் கூடாது. சில வீடுகளில் மதியமும் அப்படித்தான். உங்கள் வீட்டு விதிகளை ஒருமுறை வாசியுங்கள். அயலவருக்கு மதிப்பளிப்பது வாடகைக்காரரின் கடமை என்று கடப்பாட்டுச் சட்டத்தின் 257எஃப் பிரிவு சொல்கிறது. எழுத்தில் எச்சரித்த பின்னும் கடுமையான தொந்தரவு தொடர்ந்தால், 30 நாள் அவகாசத்தில் மாத முடிவுக்கு வீட்டை விட நேரிடலாம்.

சுவர்: தொங்கும் கம்பி, குத்துப்பை போன்றவற்றுக்காகச் சுவரையோ கூரையையோ துளைக்குமுன் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். இது 260ஏ பிரிவு. வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்.

காற்று: வியர்வையின் ஈரம் குளிர்ந்த மூலைகளில் பூஞ்சணமாகும். பயிற்சி முடிந்ததும் யன்னலை ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறந்து பின் மூடுங்கள். நாள் முழுக்கச் சரித்து வைத்தால் வெப்பம்தான் வீணாகும்.

சாமான்: ஒரு விரிப்பு, உறுதியான கதிரை, இறப்பர் பட்டி. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றரைக் கிலோ பாரம். கதிரையில் இருந்து எழுவதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும். இயந்திரம் இருந்தால் சிறுபிள்ளைகள் தனியே போகாதபடி பாருங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் நெஞ்சுநோ உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

அறை இல்லாதவர்கள் மனம் தளரவேண்டாம். 1968இல் சூரிச்சில் தொடங்கிய 'வீற்றாபார்க்கூர்' என்னும் காட்டுப் பயிற்சிப் பாதைகள் இன்று நாடெங்கும் ஏறக்குறைய 500 இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

ஓட்ட இயந்திரத்தை விற்றுவிட்டோம். இப்போது கிழமையில் ஐந்து நாள், மாலை அரை மணித்தியாலம் மனைவி அந்த அறைக்குள் போகிறார். கணக்குப் பார்த்தால் 150 நிமிடம் சரி. அந்த நேரம் சோறு வடிப்பது என் வேலை. பிள்ளைகள் கதவைத் தட்டுவதில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தனக்கென்று இருக்கும் நேரம் இதுதான் என்று ஒருநாள் சொன்னார். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சென்ற மாதச் சோதனையில் சீனி ஏறவில்லை. கீழ் வீட்டு விளக்கும் ஆடவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.