துளசேந்திரபுரத்துக் கண்ணீர்

2024 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5 ஆம் நாள். மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம் என்னும் சிற்றூர். அங்குள்ள தர்மசாஸ்தா கோயிலில் மணி ஒலித்தது, அபிடேகம் நடந்தது, பெயர் சொல்லி அருச்சனை நடந்தது. யாருடைய பெயர்? வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும் என்று ஏங்கும் உழவன் பெயரா? இல்லை. கடல் பல கடந்து, அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிசின் பெயர்! அவருடைய தாயைப் பெற்ற கோபாலன் பிறந்த ஊர் அது. கோயிற் கல்லில் நன்கொடையாளர் வரிசையில் பேத்தியின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. போதாதா?

மறுநாள் மாலை நான்கு மணி. ஆத்தூரில் நம் பள்ளியில் கடைசி மணி அடிக்கும் வேளை. டிரம்ப் வென்றார் என்ற செய்தி கைப்பேசிகளில் வந்து விழுந்தது. துளசேந்திரபுரத்தில் வாங்கி வைத்த வெடி வெடிக்கப்படவில்லை. அங்கே வாடிய முகங்களைத் தொலைக்காட்சி காட்டியது. இங்கே, பத்தாம் வகுப்பின் மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், பொம்பளைன்னா அங்கேயும் தோக்கடிச்சிடுவாங்களா?" என்று கேட்டாள். பின்வரிசைப் பையன்கள் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அன்று அவளுக்குத் தக்க விடை நம்மிடம் இல்லை. மணி அடித்தது, தப்பித்தோம் என்று வெளியேறினோம். அந்த வெட்கந்தான் இதை எழுத வைக்கிறது.

முதலில் சாஸ்தாவின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 2020 ஆம் ஆண்டு நவம்பரில் கமலா துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இதே கோயிலில் பூசை. வெற்றிக்குப் பின் தெருவெல்லாம் கோலம், வெடி, இனிப்பு. வேண்டுதல் பலித்தது என்றார்கள். 2024 இல் அதே சாமி, அதே அருச்சனை. பலன் மட்டும் வேறு. வென்றபோது புகழ் சாஸ்தாவுக்கு, தோற்றபோது பழி? அது யாருக்கும் இல்லையாம்! இந்த ஒருதலை வணிகத்தில் நட்டமே வராத முதலாளி ஆண்டவன் ஒருவன்தான்.

அதுமட்டுமா? 2016 இல் தில்லி ஜந்தர் மந்தரில் இந்து சேனை என்ற அமைப்பினர் டிரம்ப் வெல்லவேண்டும் என்று யாகம் வளர்த்தனர். நெய் ஊற்றினர், மந்திரம் ஓதினர். தெலங்கானாவில் ஓர் எளிய உழவர் டிரம்புக்கு ஆள் உயரச் சிலையே வைத்து நாள்தோறும் பூசை செய்தார். 2020 அக்டோபரில் டிரம்பைக் கொரோனா பிடித்தது என்று கேட்டு அவர் மனமுடைந்து கிடந்ததாக நண்பர்கள் கூறினர். அதே திங்களில் மாரடைப்பால் மாண்டார். டிரம்போ நலம் பெற்று எழுந்தார். அந்த உழவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. அறியாமைக்கு உயிரையே விலை கொடுத்த ஏழைமீது சிரிப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். அவரைப் படம் பிடித்து, வேடிக்கை காட்டி, விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றித்தான் நமக்குக் கேள்வி.

தேர்தலை முடிவு செய்தது எது? பென்சில்வேனியா, மிச்சிகன், விசுகான்சின் முதலிய ஏழு மாநிலங்களின் வாக்காளர்கள். அந்த ஏழும் டிரம்பின் பக்கம் சாய்ந்தன. தேர்வாளர் வாக்கு 538 இல் அவருக்கு 312, கமலாவுக்கு 226. மக்கள் வாக்கிலோ ஏறத்தாழ 7 கோடியே 73 இலட்சத்துக்கு 7 கோடியே 50 இலட்சம். நாடு ஏறக்குறைய இரு பாதியாகப் பிளந்து நின்றது. 2022 இல் அங்கே விலைவாசி நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு ஏறியிருந்தது. முட்டை விலையும் வீட்டு வாடகையும் உழைப்பாளியின் நெஞ்சில் கிடந்தன. பைடன் விலகியது 2024 சூலை 21 இல். கமலாவுக்குக் கிடைத்தவை நூற்றுச் சொச்சம் நாட்கள். காசாவில் குண்டு விழுவதைக் கண்டு கொதித்த மிச்சிகன் அரபு மக்களில் பலர் அவர் கட்சியைக் கைவிட்டனர். காரணங்கள் மண்ணில் கிடந்தன. நம்மவர் அவற்றைக் கருவறையில் தேடினார்கள்!

"பாசத்தில் செய்தார்கள், அதில் என்ன தவறு?" என்று கேட்போர் உண்டு. நம் தோழர்களிலேயே உண்டு. நாமும் குற்றமற்றவர் அல்லேம். 2020 ஆகஸ்டில் கமலா தம் கட்சி மாநாட்டு மேடையில் 'சித்திகள்' என்ற ஒரு தமிழ்ச் சொல்லை உதிர்த்தார். கல்லூரி மூடிக்கிடந்த தொற்றுக் காலம் அது. வீட்டு மாடியில் நின்று அந்த ஒரு சொல்லை எத்தனை முறை கேட்டோம், எத்தனை பேருக்கு அனுப்பினோம்! மொழிப்பற்று என்று அதற்குப் பெயரும் சூட்டிக்கொண்டோம். இன்று எண்ணிப் பார்க்கிறோம். கமலாவின் கொள்கை என்ன, தொழிலாளிக்கு அவர் சொன்னது என்ன, போரைப் பற்றி அவர் கருத்து என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றே: "யார் வீட்டுப் பெண்? எந்த ஊர்? எந்தக் குலம்?"

தோழர்களே! இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? பிறப்பைக் கொண்டு ஒருவரை உயர்த்துவதும் பிறப்பைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்துவதும் ஒரே தராசின் இரு தட்டுகள். "எங்கள் இரத்தம், ஆகவே ஏற்றம் உடையது" என்று சொல்லி முடிக்கும் நாக்குத்தான், "அவன் இரத்தம், ஆகவே ஒதுக்கத் தக்கது" என்றும் சொல்லும். வருணாசிரமத்தை வாசல் வழியே துரத்திவிட்டோம் என்று மார்தட்டுகிறோம். அது அமெரிக்கக் கப்பலேறிக் கொல்லைப்புறமாக வந்தால் ஆரத்தி எடுக்கிறோம்!

பெருமைப்படுவதற்கு அந்தக் குடும்பத்தில் ஒன்றுமே இல்லையா? உண்டு. சியாமளா, கமலாவின் தாய், 1958 இல், பத்தொன்பது வயதில், தனியாகக் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனார். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆனார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டார். சமைக்காவிலிருந்து வந்த கறுப்பின மாணவர் ஒருவரைத் தாமே தேர்ந்து மணந்தார். அக்கிரகாரத்துப் பெண், 1963 இல், சாதியை மட்டுமன்று, நிறத்தையும் கடலையும் தாண்டி மணம் செய்துகொண்டார்! இதற்கு யாரேனும் வெடி வெடித்தார்களா? இந்தத் துணிவுக்கு எந்தத் தெருவிலாவது கோலம் போட்டார்களா? மகள் பதவிக்கு வந்த பின்னர்தான் தாய் நம்மவரானார். பதவி வராதிருந்தால் அந்த மணத்தைப் பற்றி நம் திண்ணைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா?

நம் சேலம் நாமக்கல் சீமையையே எடுத்துக்கொள்வோம். ஓமலூர்க் கோகுல்ராஜை மறந்துவிட்டோமா? தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த பொறியியல் பட்டதாரி. 2015 சூன் திங்களில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதிப் பெண் ஒருத்தியுடன் பேசிக்கொண்டிருந்தார். செய்த குற்றம் அவ்வளவே. கடத்திச் சென்றார்கள், பள்ளிபாளையம் அருகே தொடர்வண்டிப் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் அந்தக் கொலையை வீரம் என்று பேசியவர்கள் எத்தனை பேர்! முதற் குற்றவாளி தலைமறைவாக இருந்துகொண்டே குரல் பதிவு வெளியிட்டதும், அதைச் சுவைத்துக் கேட்டுப் பரப்பியவர்கள் நம்மிடையே இருந்ததும் மறக்கக் கூடியனவா? சியாமளாவின் மகளுக்கு மாலை, கோகுல்ராஜுக்குத் தண்டவாளம். இரண்டையும் ஒரே மண்ணில் வைத்துக்கொண்டு நமக்கு உலகப் பெருமை வேறு!

இன்னும் ஒன்று. 2020 அக்டோபரில் ஒரு படம் வெளிவந்தது. சிதம்பரத்தை அடுத்த தெற்குத்திட்டை ஊராட்சியில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். அவர் தாழ்த்தப்பட்ட பெண். அடுத்த திங்களில்தான் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தது! வாசிங்டனில் ஒரு பெண் நாற்காலி ஏறியதற்கு இங்கே கொண்டாட்டம். இங்கே ஒரு பெண்ணுக்கு நாற்காலியே இல்லை.

தோல்விக்கு அழுதவர்களைப் பேசினோம். வெற்றிக்குச் சிரித்தவர்களை விட்டுவிடலாமா? டிரம்ப் வென்றதும், "இந்தியாவின் நண்பர் வென்றார், நம் பகைவர் நடுங்குவர்" என்று துள்ளியவர்கள் ஆத்தூர்த் தேநீர்க் கடையிலும் இருந்தனர். 2025 பிப்ரவரி 5 இல் நண்பர் அனுப்பிய முதற் பரிசு அமிர்தசரசில் வந்து இறங்கியது: கையிலும் காலிலும் விலங்கிடப்பட்ட 104 இந்தியர், இராணுவ விமானத்தில். ஆகஸ்டு 27 இல் இரண்டாம் பரிசு: நம் நாட்டுப் பொருள்கள்மீது நூற்றுக்கு ஐம்பது வரி. திருப்பூர்ப் பின்னலாடையும் கரூர்த் துணியும் தேங்கின. ஆத்தூரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள் வேலை நாள் குறைந்து ஊர் திரும்பினர். அதில் நம்மிடம் படித்தவர்களும் உண்டு. செப்டம்பரில், அங்கு வேலைக்குப் போகும் புதிய விண்ணப்பம் ஒன்றுக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு. துள்ளியவர்கள் அதன்பின் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அப்படியானால், அயல்நாட்டுத் தேர்தலுக்கு நெஞ்சு பதறவே கூடாதா? பதறலாம். பதறவேண்டிய இடங்கள் உண்டு. 2019 நவம்பரில் இலங்கையில் கோத்தபய ராசபக்சே நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வாக்குப் பெற்றுத் தலைவரானார். 2009 இல் முடிந்த போரில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேலானோர் அவருக்கு எதிரான சசித் பிரேமதாசாவுக்கு வாக்களித்திருந்தனர். அநுராதபுரத்துப் பௌத்தத் தூபியின் முன் பதவியேற்ற அவர், சிங்கள மக்களின் வாக்காலேயே வென்றதாகச் சொன்னார். அன்று வடக்கே ஒரு தாய்க்கு வந்த அச்சம் குலப்பெருமையால் வந்ததன்று. காணாமற்போன மகனைத் தேடி வீதியில் அமர்ந்திருந்தவளின் அச்சம். அந்தக் கண்ணீரோடு நம் கண்ணீர் கலந்ததா? நம் ஊரில் எத்தனை பேருக்கு அந்தத் தேர்தல் நாள் நினைவிருக்கிறது? அவரை வாக்களித்து ஏற்றிய தென்னிலங்கை மக்களே எரிபொருளும் உணவும் இன்றித் தெருவுக்கு வந்து, 2022 சூலையில் அவரை நாட்டைவிட்டே ஓடச் செய்தனர். ஒரு முடிவு வந்த நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இது கவனிக்கத் தக்கது.

1962 இல் காஞ்சியில் அண்ணா தோற்றார். அவர் கட்சி சட்டமன்றத்தில் 50 இடம் பெற்றது, தலைவருக்கே இடமில்லை. படிப்பகங்களில் தம்பிமார் அழுதார்கள் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுவாரமே தெருமுனைக் கூட்டத்துக்குப் பலகை சுமந்தார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள். 1967 இல் வென்றபோதோ, விருதுநகரில் காமராசர் ஓர் இளம் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றதற்கு அண்ணா வருந்தினார். எதிரியின் தோல்விக்கு வருந்தும் மனமும், தன் தோல்விக்குத் துவளாத மனமும் வேறுவேறு அல்ல. அப்போது எந்தக் கோயிலிலும் இவர்கள் சீட்டுக் கட்டவில்லை. வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினார்கள்.

இனி அந்த மாணவிக்கு. அம்மா, அமெரிக்கப் பெண்கள் நாடு முழுதும் வாக்குரிமை பெற்றது 1920 இல். சென்னை மாகாணத்தில், நீதிக்கட்சி ஆட்சியில், பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1921 இல். ஓராண்டுதான் இடைவெளி! பெண் என்ற ஒன்றுக்காகவே கமலா தோற்றார் என்றால் அது முழு உண்மை ஆகாது. பெண் என்பதை எண்ணி வாக்கு மறுத்தவர் எவரும் இல்லை என்றால் அது முழுப் பொய். பெண் வந்தாலே நல்லாட்சி வந்துவிடும் என்றும் மயங்காதே. உலகின் முதற் பெண் பிரதமர் 1960 இல் வந்தது நம் அண்டையிலுள்ள இலங்கையில்தான்; அந்தச் சிறிமாவோ ஆட்சியில்தான் 1961 இல் யாழ்ப்பாணத்து அறப்போர்மீது இராணுவம் ஏவப்பட்டது. ஆளைப் பார்க்காதே, அவர் செய்வதைப் பார்.

இவ்வளவையும் அவளிடம் சில நாட்கள் கழித்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஊரு தலைவரும் பொம்பளைதான் சார். ஆனா கூட்டத்துல அவங்க வீட்டுக்காரரு தான் பேசுவாரு" என்றாள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று நம் மாநிலம் சட்டம் செய்தது 2016 இல். சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நடந்த கிராம சபைக்கு அவள் தன் தாயுடன் போனாளாம். பள்ளிக்குப் போகும் வழியில் தெருவிளக்கு எரியாததைப் பற்றிக் கேட்டாளாம். தலைவரின் கணவர் எழுந்து, "நான் பாத்துக்கிறேன், உக்காரும்மா" என்றாராம். அவள் உட்காரவில்லை. "நான் தலைவரைக் கேட்டேங்க" என்றாளாம். கூட்டத்தில் சற்றுநேரம் பேச்சில்லை. பின்னர், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அம்மையார் முதன்முறையாக எழுந்து நின்று, எந்தக் கம்பம் என்று கேட்டார்களாம்.