கையெழுத்துக்கு முன்னே வக்கீல்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூடை இறங்கியதும் பழத்தின் நிறம், சாறு, அன்றைய விலை, கேரளத்திலிருந்து வந்த கிராக்கி என்று எல்லாவற்றையும் விவசாயிகள் பேசுவார்கள். அந்தப் பழம் காய்த்த தோட்டத்தின் பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பேசுவோர் குறைவு. வாங்கும் வியாபாரிக்குக் கணக்குப் பார்க்க ஆடிட்டர் இருக்கிறார். ஒப்பந்தம் பார்க்க வக்கீல் இருக்கிறார். விற்கும் விவசாயியோ கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த பிறகுதான் வக்கீல் வீட்டு வாசலை மிதிக்கிறார். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதான் அறிவுடைமை. உரம், மருந்து போல, வக்கீல் ஆலோசனையும் சாகுபடிச் செலவில் ஒன்று என்று சிறு விவசாயிகள் எண்ணத் தொடங்க வேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

மோட்டார் பழுதுக்கும் மகள் கல்யாணத்துக்கும் கைமாற்று வாங்கும்போது, எழுதாத பிராமிசரி நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது கிராமங்களில் சாதாரணம். இது எவ்வளவு ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 1881-ம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டம் 20-வது பிரிவின்படி, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்று நோட்டைக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அனுமதி கொடுத்ததாகவே முதலில் கொள்ளப்படும். ஐயாயிரம் வாங்கினேன், ஐம்பதாயிரம் என்று எழுதிவிட்டார் என்பதை நிரூபிக்கும் பாரம் விவசாயியின் தலையில் விழும். தொகையையும் தேதியையும் எழுதிய பிறகே கையெழுத்து. கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்குதல். இடையில் கட்டும் தொகைக்கு ரசீது. இந்த மூன்றும் ஒரு காசு செலவில்லாத பாதுகாப்பு. கடும் வட்டி கேட்டுத் தொல்லை செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது.

பத்திரம் பதிந்தால் போதுமா?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது, பட்டாவும் மாறிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைப்பது தவறு. விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே கூறியிருக்கிறது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. ஆகவே தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைப் பணம் கொடுக்கு முன்பே ஒரு வக்கீலிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.

பங்காளிகளின் கையெழுத்து மட்டும் வாங்கி, உடன்பிறந்த பெண்களை விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லும், நாடு முழுவதற்கும் மத்திய அரசு 2005-லும் சட்டம் செய்தன. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கிவிட்டது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களின் வாரிசு முறை வேறு. அதையும் கேட்டறிய வேண்டும்.

கிணறு விஷயமும் முக்கியம். கூட்டுக் கிணற்றில் எத்தனை பங்கு, வாரத்தில் எந்த நாள் இறைக்கும் முறை, மின் இணைப்பு யார் பெயரில், தோட்டத்துக்கு வண்டிப் பாதை எது என்பதெல்லாம் பத்திரத்தில் வார்த்தையாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு, பேசியவர் காலத்தோடு போய்விடும்.

முளைக்காத விதை

விதை முளைக்காவிட்டால் விதியை நொந்துகொண்டு இருக்க வேண்டியதில்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையில் கட்டணமில்லை; வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் செய்யலாம். ஆனால் பில்லும் பையின் சீட்டும் கையில் வேண்டும். வேளாண்மை அதிகாரியை அழைத்து வயலைக் காட்டி அறிக்கை பெறவும் வேண்டும். எலுமிச்சைக் கன்று வாங்கினாலும் பில் கேட்டு வாங்குவது நல்லது.

கட்டணம் பேசுவதில் கூச்சம் வேண்டாம்

வக்கீல்கள் விளம்பரம் செய்து வேலை தேடுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அதனால் எந்த அலுவலகத்தில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விவசாயிகள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். பத்திரம் பார்க்க எவ்வளவு, நோட்டீசு அனுப்ப எவ்வளவு, வழக்கு நடத்த எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கலாம். ஜெயித்தால் நிலத்தில் பங்கு என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது. அப்படிக் கட்டணம் பேசுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. பத்து இருபது தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு வக்கீலை ஆண்டுக் கட்டணத்தில் வைத்துக்கொண்டால் தலைக்குச் செலவு சொற்பமே. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்க நினைப்போருக்கு இது இன்னும் அவசியம்.

பணம் இல்லாதவருக்கும் வழி உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். அரசு குறித்த வருமான வரம்புக்குள் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. சங்கரன்கோவில், தென்காசி போன்ற ஊர்களின் நீதிமன்ற வளாகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வழக்குப் போடு முன்பே வரப்புத் தகராறையும் பாகத் தகராறையும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். அங்கே ஏற்படும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. நிலுவை வழக்கானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வரப்பு வழக்கு தலைமுறை தாண்டி நடந்தால் வென்றவனுக்கும் மிஞ்சுவது கடனே. நிலம் ஒரு முறை கைவிட்டுப் போனால் மீட்பது அரிது. கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் பொறுத்து, தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுவது எல்லா விவசாயிகளுக்கும் நல்லது.