அரசாங்கக் கட்டடம், தனியார் சம்பளச் சீட்டு: குத்தகைப் பணியாளர் குறித்து எங்கள் நிலைப்பாடு

2024 ஆகஸ்டில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பொதுச்சேவைக்கான புதிய சம்பள முறையை அறிவித்த நாள் முதல், அரசாங்க வேலையா தனியார் வேலையா என்ற பழைய வழக்கு மறுபடி சூடு பிடித்திருக்கிறது. மேல்மட்ட அதிகாரிகள் நீங்கலாக மற்ற அரசாங்க ஊழியர்களுக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு உயர்வு. கடைநிலை ஊழியருக்கும் படிகளோடு சேர்த்து மாதம் 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாது. தனியார் துறையிலோ குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700-க்கு ஏறியதே 2025 பிப்ரவரியில்தான். "வேலை போகாது, கேட்பாரும் இல்லை, இதில் சம்பள உயர்வு வேறா?" என்கிறது ஒரு தரப்பு. "விலைவாசி எங்களுக்கு மட்டும் குறைவா?" என்கிறது மறு தரப்பு.

இந்த இரண்டு தரப்பிலும் சேராத ஒரு கூட்டம் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து தினமும் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறது. அவர்கள் கூட்டுவது அரசாங்க மருத்துவமனையை, கழுவுவது அரசாங்கப் பள்ளிக் கழிவறையை, காவல் இருப்பது அரசாங்க வாசலில். சம்பளச் சீட்டில் மட்டும் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கும். எங்கள் சங்கத்து உறுப்பினர் குடும்பங்கள் பலவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் இந்த அறிக்கை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரசாங்க ஊழியரின் சம்பள உயர்வை நாங்கள் எதிர்க்கவில்லை. அவர்களுடைய பணிப் பாதுகாப்பைக் குறைத்துத் தனியார் துறையோடு சமமாக்க வேண்டும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஆண்டு முழுவதும் நடந்தே தீர வேண்டிய வேலைக்கு அரசாங்கம் நேரடியாக ஆள் எடுக்க வேண்டும். அது நடக்கும் வரை, குத்தகை நிறுவனம் மாறினாலும் தொழிலாளியின் சேவைக்காலம் அறுபடாமல் தொடர வேண்டும்.

இந்தக் கோரிக்கை இந்த ஊரிலிருந்து எழுவதற்குக் காரணம் உண்டு. உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை 1911-இல் இங்கே திறக்கப்பட்டது. மனநல மருத்துவமனை இருப்பதால் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி நாடே கேலி பேசும், பேசிவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த மருத்துவமனையால்தான். கிந்தா வட்டார ரப்பர்த் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயரும் இல்லை. அப்படி வாழ்ந்த குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையிலோ ரயில்வேயிலோ பொதுப்பணித் துறையிலோ நிரந்தரமானால், அந்த மாதச் சம்பளத்தை நம்பித்தான் தம்பி படித்தார், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அரைக்காசு என்றாலும் அரசாங்கக் காசு என்று பெரியவர்கள் சொன்னது தொகையை மட்டும் வைத்து அல்ல. அடுத்த மாதமும் வரும் என்ற நிச்சயத்தையும் சேர்த்துத்தான்.

அந்த வாசல் எங்களைப் போன்றவர்களுக்கு அடைபட்டது 1990-களில். 1996 இறுதியில் சுகாதார அமைச்சு, அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றல், கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து சேவைகளையும் மூன்று நிறுவனங்களிடம் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. பள்ளித் துப்புரவும் காவலும் இதே வழியில் குத்தகைக்குப் போயின. ஒரு தலைமுறைக்கு முன் அரசாங்க ஊழியர் செய்த வேலையை இன்று அதே இடத்தில், அதே துடைப்பத்தோடு, குத்தகைத் தொழிலாளி செய்கிறார்.

இதில் இழப்பு எங்கே என்பதைச் சட்டத்தை வைத்தே காட்டலாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் 2 ஆண்டு நிறையும் வரை ஆண்டு விடுப்பு 8 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை 12 நாள். அதற்கு மேல் 16 நாள். நோய் விடுப்பும் அப்படியே 14, 18, 22 என்று ஏறும். ஆட்குறைப்பு செய்தால் தர வேண்டிய இழப்பீடு, 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டுக்கு 10, 15, 20 நாள் சம்பளம் என்று சேவைக்காலத்தோடு வளரும். ஒரே முதலாளியிடம் 12 ஆண்டு இருந்தவருக்கு 240 நாள் சம்பளம் வர வேண்டும். பள்ளித் துப்புரவுக் குத்தகையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறும். மருத்துவமனையில் பெரிய ஒப்பந்தம் நீண்டகாலம் இருந்தாலும் அதன் கீழே துணைக்குத்தகைகள் மாறும். புது நிறுவனம் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்ளும், ஆனால் புது ஆளாக. விடுப்பு மறுபடி 8 நாள், சம்பளம் மறுபடி குறைந்தபட்சம். 12 ஆண்டு உழைத்த அக்காவும் நேற்று வந்த பெண்ணும் ஒரே படியில் நிற்பார்கள். பழைய நிறுவனமோ "நாங்கள் நீக்கவில்லை, ஒப்பந்தம் முடிந்தது" என்று கைவிரிக்கும்.

ஒரு நிறுவனம் இன்னொருவருக்கு விற்கப்பட்டால், தொழிலாளியின் சேவைக்காலத்தைத் தொடர 1980 விதிகளில் வழி இருக்கிறது. டெண்டர் கைமாறுவதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கப் பெரிய பணம் தேவையில்லை, மனம்தான் தேவை.

பணிப் பாதுகாப்பு சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்ற பேச்சுக்கு வருவோம். அரசாங்க முகப்பில் காத்துக் கால் கடுத்த அனுபவம் எங்களுக்கும் உண்டு, மறுக்கவில்லை. 1992-இல் வந்த சம்பள முறை, ஆண்டு மதிப்பீட்டைப் பார்த்துச் சிலருக்கு இரட்டிப்பாக ஏற்றியது, சிலரை அப்படியே நிறுத்தியது. மேலதிகாரியின் மனத்துக்குப் பிடித்தவருக்கே புள்ளி என்ற புகார் ஓயவில்லை. 2002 நவம்பரில் அந்த முறை போய் வேறு முறை வந்தது. 2012 தொடக்கத்தில் கொண்டுவந்த இன்னொன்றில், திறம் குறைந்தவரை வெளியேற்றும் ஏற்பாடும் இருந்தது. மேலே இருப்பவருக்கு அள்ளியும் கீழே இருப்பவருக்குக் கிள்ளியும் கொடுப்பதாக அரசாங்க ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் எதிர்க்க, மார்ச்சிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். திறனை நேர்மையாக அளப்பதில்தான் நாடு திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்திருக்கிறது. அதற்கான பழி பணிப் பாதுகாப்பின் மேல் விழுவது நியாயமில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் திறனைக் கூட்டும் என்றால், குத்தகை முறைக்கு மாறிய இடங்கள் பளபளக்க வேண்டும். நடப்பது வேறு. கையுறை போதவில்லை, சவர்க்காரத் திரவத்தில் தண்ணீர் கலந்திருக்கிறது, நான்கு பேர் வேலையை இரண்டு பேர் செய்கிறோம் என்று சொல்ல வேண்டியவர் அந்தத் தொழிலாளிதான். அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் விடுபடும் என்று அஞ்சுகிறவர் வாய் திறப்பாரா? மனநல வார்டில் இது இன்னும் கூர்மையான கேள்வி. அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் நோயாளிக்கு, தினமும் பார்க்கும் முகமும் சிகிச்சையில் ஒரு பகுதி. துடைப்பவரின் பெயர் தெரிந்திருப்பதும், இவர் காலையில் பேச விரும்பமாட்டார் என்று துடைப்பவருக்குத் தெரிந்திருப்பதும் எந்த டெண்டர் விலைப்பட்டியலிலும் வராது.

வாய் திறந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பேராக் மக்கள் பார்த்தார்கள். 2020 ஜூன் 2-ஆம் தேதி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை முன் துப்புரவுப் பணியாளர்களுக்காக நடந்த மறியலில் ஐந்து பேர் கைதானார்கள். கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை மீறியதாகக் குற்றச்சாட்டு. முன்களப் பணியாளர் என்று நாடே கைதட்டிப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது.

செலவைக் காட்டி மறுப்பார்கள் என்று தெரியும். சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து கூட்டரசு வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டன என்பது மெய். 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியத்துக்குப் பதில் சேமநிதி என்று ஆனதும் அதனால்தான். நாங்கள் கேட்பது ஓய்வூதியம் அல்ல. சேமநிதியோடு நேரடி நியமனம் போதும். குத்தகைப் பணியாளரின் சம்பளம் இன்றும் பொதுப்பணத்திலிருந்துதான் போகிறது, நடுவில் ஒரு நிறுவனத்தின் லாபத்தையும் சேர்த்துக்கொண்டு.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. சென்னை மாநகராட்சி இரண்டு மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் அதன் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு தற்காலிகமாகவே வைக்கப்பட்டிருந்த துப்புரவு, தோட்ட வேலையாட்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. நிரந்தரமான வேலைக்குத் தற்காலிகம் என்று பெயர் சூட்டுவதை அது ஏற்கவில்லை.

சுகாதார அமைச்சிடமும் கல்வி அமைச்சிடமும் நாங்கள் முதலில் கேட்பது, அடுத்து வெளியிடும் ஒவ்வொரு துப்புரவு, காவல் டெண்டரிலும் மூன்று வரிகள்: இருக்கும் தொழிலாளரை அவர்களுடைய சேவைக்காலத்தோடு ஏற்க வேண்டும், விலை கணக்கிடும்போது சேவை ஆண்டுக்கேற்ற சம்பள உயர்வைச் சேர்க்க வேண்டும், சங்கத்தில் சேர்ந்ததற்காக எவரையும் விலக்கக்கூடாது. பேராக் மாநில அரசாங்கமும் தன் அலுவலகங்களில் இதையே செய்ய வேண்டும். நேரடி நியமனத்துக்கான கால அட்டவணையை உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம். இந்த அறிக்கை எங்கள் வட்டார நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் நேரில் கொடுக்கப்படும். எழுத்துமூலம் பதில் கேட்கிறோம்.