பெருநாள் கணக்கில் எழுதப்படாத செலவு

நோன்பு இருபது கழிந்துவிட்டால் எமது வியாபாரிகளின் இரவும் பகலும் இடம் மாறிவிடும். புறக்கோட்டை கெய்சர் வீதியானாலும் காத்தான்குடி பிரதான வீதியானாலும் நிலைமை ஒன்றுதான். காலை 9 மணிக்குத் திறக்கும் புடவைக்கடை நள்ளிரவைத் தாண்டியும் மூடப்படுவதில்லை. பதினொரு மாதம் கடை வாடகைக்கும் வங்கிக்கும் உழைக்கிறோம், பெருநாள் சீசனில்தான் எமக்காக உழைக்கிறோம் என்று முதலாளிமார் சொல்வார்கள். அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஆகவே சீசன் வியாபாரத்தைக் கைவிடுமாறு நான் இங்கு எழுத வரவில்லை. அந்தப் பத்து இரவுகளின் இலாபத்தை நாம் கணக்கிடும் முறை சரியானதா என்பதே எனது கேள்வி.

கொள்முதல், வாடகை, மின்கட்டணம், கொமிஷன், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கழித்துத்தான் இலாபம் பார்க்கிறோம். ஆனால் மூன்று செலவுகள் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை. ஒன்று, கடையில் நிற்கும் ஊழியரின் களைப்பு. இரண்டாவது, வீட்டில் காத்திருக்கும் குடும்பத்தின் ஏக்கம். மூன்றாவது, முதலாளியின் சொந்த உடம்பு. எழுதாததால் இச்செலவுகள் இல்லையென்று ஆகிவிடாது. பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரும்.

கடையில் நிற்கும் பிள்ளைகள்

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைநேரத்தை வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு வந்து இரவு 1 மணிக்குப் போகும் பிள்ளைக்கு, தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் 2 மணித்தியாலத்தைக் கழித்தாலும் 14 மணித்தியால வேலை. மேலதிகமாக 6 மணித்தியாலம். அப்படியானால் வாரத்துக்குரிய அனுமதி இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. சீசன் முடிய கையில் ஏதாவது கொடுக்கிறோம்தானே என்று நாம் சொல்வோம். கொடுக்கிறோம்தான். ஆனால் எவ்வளவு, எப்போது என்பது அவனுக்குத் தெரியாது. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளையும் அதே ஜும்ஆவில்தான் இருந்தான்.

போனஸ் கிடைக்கும் நாளும் முக்கியமானது. பல கடைகளில் அது தலைப்பிறை இரவில்தான் கைக்கு வருகிறது. பத்து நாளாக ஊரார் பிள்ளைகளுக்கு உடுப்புக் காட்டிக்கொண்டிருந்தவன், தன் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நல்ல அளவுகளும் நல்ல நிறங்களும் அதற்குள் போய்விட்டிருக்கும். அதே பணத்தை நோன்பு 20இல் கொடுத்தால் எமக்கு ஒரு சதமும் கூடாது. அவனுக்கோ பெருநாளே வேறாகிவிடும்.

பயணத்தையும் யோசிக்க வேண்டும். கொழும்பிலிருந்து காத்தான்குடி 300 கிலோமீற்றருக்கு மேல். கல்முனை, அக்கரைப்பற்று அதைவிடத் தூரம். நோன்பு 29இன் மாலை மஃரிபுக்குப் பிறகு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைத் தீர்மானம் அறிவிக்கப்படும்வரை நாளை பெருநாளா, இன்னுமொரு நோன்பா என்பது எவருக்கும் தெரியாது. பிறை கண்டாயிற்று என்ற அறிவித்தல் வந்ததும் கடையில் கூட்டம் இரட்டிப்பாகிறது. அந்தக் கூட்டம் கலைந்து, இரவு 1 மணிக்கு பெஸ்டியன் மாவத்தைக்கு ஓடி, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டாவது போகும் கிழக்கு மாகாணப் பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கும்போது பெருநாள் தொழுகை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பியிருப்பார்கள். வருடத்தில் இரண்டே பெருநாள். அதில் ஒன்றின் தொழுகை பஸ்ஸிலேயே போய்விடுகிறது.

பெருநாளுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லையே என்று பிறகு குறைப்படுகிறோம். நன்றாகப் பழகிய சேல்ஸ்மன் ஒருவரை இழந்து புதியவரைப் பழக்குவதற்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்பது கடை நடத்துபவர்களுக்குத் தெரியும். எழுதப்படாத செலவு என்று நான் சொல்வதில் இதுவும் ஒன்று.

இதற்கு வழியில்லாமல் இல்லை. தூரத்துப் பிள்ளைகளை நோன்பு 27இலேயே சம்பளமும் போனஸும் கொடுத்து அனுப்பலாம். கடைசி இரண்டு மூன்று இரவுகளைக் கொழும்பிலும் அண்டிய இடங்களிலும் உள்ளவர்களும், முஸ்லிமல்லாத ஊழியர்களும், 18 வயது தாண்டிய உள்ளூர் இளைஞர்களில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்பவர்களும் பார்த்துக்கொள்ளலாம். அப்படி நின்றவர்களுக்குப் பெருநாள் முடிந்ததும் சம்பளத்துடன் லீவு. மலையகத்திலிருந்து வந்து எம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், சிங்களப் பிள்ளைகளுக்கும் தீபாவளி, புத்தாண்டு, வெசாக் வரும்போது எமது பிள்ளைகள் பதிலுக்கு நிற்க வேண்டும். 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தபோது, முன்கூட்டியே லீவுப் பட்டியல் போட்ட கடைகள் சிரமப்படவில்லை என்பதை நேரில் பார்த்தேன். நோன்பு காலத்தில் இவர்கள் பகல் சாப்பாட்டைப் பொருட்கள் அடுக்கிய மூலையில் ஒளித்துச் சாப்பிட வேண்டிய நிலையும் இருக்கக் கூடாது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அரை மணித்தியாலம் போதும்.

வீட்டில் காத்திருப்பவர்கள்

எமது நாட்டில் மஃரிப் நேரம் வருடம் முழுவதும் ஏறத்தாழ மாலை ஐந்தே முக்கால் மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில்தான் வருகிறது. அலுவலகம் விட்டு வாடிக்கையாளர் கடைக்கு வரும் நேரமும் அதுவே. ஆகவே முதலாளி ஒரு பேரீத்தம்பழத்தோடும் பிளாஸ்டிக் கோப்பையில் ஆறிப்போன கஞ்சியோடும் காசு மேசையிலேயே நோன்பு துறக்கிறார். வீட்டில் பிள்ளைகள் வாப்பாவின் இடத்தை வெறுமையாக விட்டுத் துறக்கிறார்கள். அவர் வரும்போது அவர்கள் தூக்கம். அவர்கள் பாடசாலைக்குப் போகும்போது அவர் தூக்கம். பெருநாளன்றும் தொழுகை முடிந்து வட்டிலப்பம் சாப்பிட்ட கையோடு படுத்தால் அஸருக்குத்தான் எழும்புகிறார். பிள்ளைக்கு விலையுயர்ந்த உடுப்பு கிடைத்தது, வாப்பா கிடைக்கவில்லை.

வீட்டுப் பெண்களின் உழைப்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. முதலாளி வீட்டிலிருந்து ஊழியர்களுக்கு இஃப்தாரும் ஸஹரும் சமைத்து அனுப்பும் நல்ல வழக்கம் எம்மிடம் இருக்கிறது. பத்துப் பதினைந்து பேருக்கு அதிகாலை 3 மணிக்கு எழுந்து சமைப்பவர் யார்? கடைசிப் பத்தின் இரவுகளில் அவருக்கும் தொழவும் ஓதவும் ஆசையிருக்கும். அந்தப் பத்து நாட்களுக்காவது ஒரு சமையற்காரரை அமர்த்துவது பெரிய செலவல்ல. சாப்பாடு வெளியிலிருந்து வந்தாலும் குறையில்லை.

2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் வந்த பெருநாள், 2020இல் ஊரடங்கு, 2021இல் பயணக் கட்டுப்பாடு, 2022இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத பொருளாதார நெருக்கடி என்று நான்கு சீசன்களை அடுத்தடுத்து இழந்தவர்கள் எமது வியாபாரிகள். அந்தக் கடன் இன்னும் தீராதவர்கள் உண்டு. இனி வரும் சீசனில் ஒரு மணித்தியாலத்தையும் விடக் கூடாது என்று அவர்கள் நினைப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அதே 2020ஐப் பற்றிப் பேசும்போது, நட்டத்தைச் சொல்லி முடித்தபின், கலியாணம் முடித்த நாளிலிருந்து முப்பது நோன்பையும் வீட்டில் துறந்தது அந்த வருடம் மட்டும்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்கள் பலர். கொள்ளைநோய் வந்து கடையை மூடினால்தான் அது கிடைக்க வேண்டுமா? அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையென்றால் நாள்விட்டு நாள் ஒருவர் மாலை 5 மணிக்கு வீடு போகலாம். தனியாக நடத்துபவர் வாரத்தில் இரண்டு நாளையாவது குறித்துக்கொண்டு, வங்கித் தவணையைப் போல அதைத் தவறவிடாமல் பார்க்கலாம். ஊரில் தனியாக இருக்கும் உம்மாவுக்கும் ஒரு நோன்பு துறக்கும் நேரம் சேர வேண்டும்.

முதலாளியின் உடம்பு

எமது வியாபாரிகளில் சீனி வருத்தம், பிரஷர் இல்லாதவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பகல் முழுக்க நோன்பு, துறந்ததும் வடையும் ரோல்ஸும், நின்ற நிலையில் தேத்தண்ணீர், நள்ளிரவில் கொத்து ரொட்டி, மூன்று மணித்தியாலத் தூக்கம். நல்ல தேகநிலை உள்ளவருக்கே இது தாங்காது. நீரிழிவு உள்ளவர்கள் றமழானுக்கு 6 முதல் 8 கிழமை முன்னதாக வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டல்கள் சொல்கின்றன. நோன்பின்போது குருதியில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டல். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. ஆகவே அந்தச் சிறிய மெஷின் வீட்டு அலுமாரியில் அல்ல, கடையின் லாச்சியில் இருக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கும்போது அதை ஏற்கத் தயங்குவது பக்தியாகாது.

இரவு 2 மணிக்குக் கடையை மூடிவிட்டுத் தானே வாகனத்தை ஓட்டிக்கொண்டு மாவனல்லைக்கும் அக்குறணைக்கும் போகும் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. அன்றைக்குக் கொழும்பிலேயே தங்கிவிடுங்கள், அல்லது தூங்கி எழுந்த ஒருவரைச் சாரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

“பக்கத்துக் கடை திறந்திருக்கிறதே”

இதுதான் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். நியாயமான பதில்தான். கடைசி இரவில் வருபவர்களில் அன்றைக்குத்தான் கூலி கிடைத்த ஏழைத் தகப்பன்மாரும் உண்டு என்பதால் அந்த இரவில் நேரத்தோடு மூடச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் மற்ற ஒன்பது இரவுகள்? ஒரு காரியம் செய்து பாருங்கள். வரும் சீசனில் ஒவ்வொரு பில்லிலும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பெருநாள் முடிந்தபின் இரவு 11 மணிக்குப் பிறகு போட்ட பில்களைத் தனியாகக் கூட்டுங்கள். அதிலிருந்து அந்த நேரத்து மேலதிகக் கொடுப்பனவு, மின்சாரம், சாப்பாடு, தூக்கக் கலக்கத்தில் பிழையாகப் போட்ட விலை, காணாமற்போன துணி, பிறகு மாற்றித்தரக் கேட்டு வந்தவை எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதைப் பார்த்து நீங்களே முடிவெடுக்கலாம். 11 மணிக்குக் கடை மூடும் என்று முதல் நோன்பிலிருந்தே அறிவித்தல் ஒட்டினால் வாடிக்கையாளரில் பெரும்பகுதியினர் 10 மணிக்கு வருவார்கள். ஒரு தெருவின் கடைகள் சேர்ந்து இதைத் தீர்மானித்தால் எவருக்கும் நட்டமில்லை. விலையிலும் வாடகையிலும் கூடிப் பேசும் எமது வர்த்தகச் சங்கங்கள் இதையும் பேசலாம்.

மொத்த வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பணமில்லை என்று தெரிந்துகொண்டே கிராமத்துச் சில்லறைக் கடைக்காரரின் காசோலையைப் பெருநாளுக்கு முந்திய கிழமை வங்கியில் போட்டுத் திருப்பி எடுப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது? முன்னதாக ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் புதிய திகதி கேளுங்கள். நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பது எமக்குப் போதிக்கப்பட்ட பண்பு.

இதை இப்போதே ஒழுங்குபடுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. றமழான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னதாக வருகிறது. ஆகவே சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்திலிருந்து விலகி ஆண்டிறுதியை நோக்கி நகர்கிறது. 2030இல் ஜனவரியில் ஒரு றமழானும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் ஆரம்பமாகும். அப்போது நத்தார் வியாபாரத்தின் களைப்பு ஆறுவதற்குள் பெருநாள் வியாபாரம் தொடங்கிவிடும். பத்து இரவு இருந்த ஓட்டம் ஐம்பது அறுபது நாளாக நீளும். இப்போதைய பழக்கத்தோடு அந்த நாட்களுக்குள் நுழைந்தால் ஊழியரும் தாங்கமாட்டார், நாமும் தாங்கமாட்டோம்.

ஆகவே றஜபிலேயே கொள்முதல் பட்டியலோடு சேர்த்து இன்னொரு தாளும் எழுதுங்கள். யார் எந்தத் திகதியில் ஊருக்குப் போவது, போனஸ் எந்த நோன்பில், கடை எத்தனை மணிக்கு மூடும், எந்தெந்த நாளில் நீங்கள் வீட்டில் நோன்பு துறப்பது, வைத்தியரைக் காணும் நாள் எது என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். எழுதியதைக் கடையில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் ஒட்டிவிடுங்கள். இரண்டு இடத்திலும் உங்களை விசாரிக்க ஆளிருப்பார்கள்.