மன்னிப்பு என்றால் திரும்பிப் போவதா?

என் கதை ஒன்றில் ஒரு கிறிஸ்தவப் பெண், குடித்துவிட்டு அடிக்கும் கணவனை விட்டுக் குழந்தையோடு வெளியேறுகிறாள். கடைசிவரை அவள் திரும்பவில்லை. அதைப் படித்த அன்பர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மன்னிப்பு இல்லாத இடத்தில் கிறிஸ்தவம் ஏது, அவளைக் கணவனிடம் திருப்பி அனுப்பியிருந்தால் கதை உயர்ந்திருக்கும் என்பது அவர் தீர்ப்பு.

கதை உயர்ந்திருக்கலாம். அவள் உயிரோடு இருந்திருப்பாளா என்பதைப் பற்றி அந்த நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

அன்பர் வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். நானும் அதையே திறக்கிறேன். மத்தேயு 19-ஆம் அதிகாரம். கேள்வி கேட்டவர்கள் பரிசேயர்கள். மனைவியை எந்தக் காரணத்துக்காகவும் விலக்கிவிடலாமா என்பது கேள்வி. அந்நாளில் யூத சாஸ்திரிகளிடையே இரண்டு கட்சி இருந்தது. ஒழுக்கக்கேடு ஒன்றுக்காகத்தான் விலக்கலாம் என்றது ஷம்மாயின் கட்சி. சமையலைத் தீய விட்டாலே போதும் என்றது ஹில்லேலின் கட்சி. தள்ளுதற்சீட்டை எழுதியவன் ஆண். அதை வாங்கிக்கொண்டு தெருவில் நின்றவள் பெண். எழுதுகிற அந்தக் கையைத்தான் இயேசு பிடித்து நிறுத்தினார். இப்படியானால் கல்யாணமே செய்துகொள்ளாமல் இருப்பது மேல் என்று சீஷர்கள் சொன்னதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. கட்டளை யாருக்கு உறைத்தது என்று இதிலிருந்தே தெரியவில்லையா? மாற்கு சுவிசேஷத்தில் அது பெண்ணுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது, நான் மறைக்கவில்லை. இருவருக்கும் ஒரே அளவு என்றால் எனக்குச் சண்டையில்லை.

ஆனால் நம் தேசத்தில் நடந்தது என்ன? கிறிஸ்தவர்களுக்கென்று 1869-இல் ஒரு விவாகரத்துச் சட்டம் வந்தது. மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ, கணவன் சோரம் போனது மட்டும் போதாது. அதோடு கொடுமையும் செய்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வருஷம் கைவிட்டிருக்க வேண்டும். வெறும் அடி உதை என்றால் பிரிந்து வாழலாம், விவாகரத்து கிடையாது. இதற்கு மாதிரியாக நின்ற இங்கிலாந்துச் சட்டம் 1857-இல் வந்தது. சோரத்தில் ஆணுக்கொரு நியாயம் பெண்ணுக்கொரு நியாயம் என்பதை இங்கிலாந்து 1923-இல் ஒழித்துவிட்டது. இங்கே கேரள உயர்நீதிமன்றம் குறுக்கிட்டது 1995-இல். பாராளுமன்றம் திருத்தியது 2001-இல். எழுபத்தெட்டு வருஷப் பிந்தல்! அதுவரை நம் மனைவிமாருக்குக் கைவசம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று: "மன்னித்துவிடு, அம்மா."

சரி, மன்னிப்புக்கே வருவோம். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்வது மத்தேயு 18-ஆம் அதிகாரம். அதற்குச் சில வசனங்கள் முன்னால் என்ன இருக்கிறது என்று அன்பர் பார்த்தாரா? குற்றம் செய்தவனிடம் முதலில் தனியே சொல்ல வேண்டும். கேளாவிட்டால் சாட்சிகளோடு போக வேண்டும். பிறகு சபையில் சொல்ல வேண்டும். அதற்கும் மசியாதவனை அந்நியனாக வைத்துவிட வேண்டும். மன்னிப்பைப் போதிக்கும் அதிகாரத்திலேயே விலகி நிற்கவும் வழி இருக்கிறது. ஏழெழுபதுக்கு அடுத்து வரும் கதையையும் பாருங்கள். பதினாயிரம் தாலந்துக் கடன் தள்ளுபடியான ஊழியன், வெளியே வந்ததும் நூறு வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவன் கழுத்தை நெரிக்கிறான். ராஜா அந்தத் தள்ளுபடியை ரத்துச் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் அழுது மன்னிப்புப் பெற்று, திங்கட்கிழமை மனைவியின் கழுத்தைப் பிடிப்பவன் அந்த ஊழியன் அல்லாமல் வேறு யார்?

விவாகரத்தையே ஒப்புக்கொள்ளாத கத்தோலிக்கத் திருச்சபைகூட, தன் 1983-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் விதியில், உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து போக இடம் கொடுக்கிறது. ஆபத்து நீங்கினால் சேர்ந்து வாழ வேண்டும் என்கிறது. நீங்கினால்! அந்த ஒரு சொல்லை நம் பெரியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

என் கதை ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. திருநெல்வேலிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், சபைப் பெரியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூன்று தரம் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மூன்றாவது தரம் வெளியே வந்தபோது அவளுக்கு ஒரு காது கேட்கவில்லை. "அவரை எப்பவோ மன்னிச்சிட்டேன், அண்ணாச்சி. தெனமும் அவருக்காக ஜெபம்கூடப் பண்ணுதேன். அதுக்காக அந்த வீட்டுக்குள்ள போய் நிக்கணுமா?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரிந்த வேதம் அன்பருக்குத் தெரியவில்லை. மன்னிப்பு அவள் கொடுக்க வேண்டியது, கொடுத்துவிட்டாள். மனந்திரும்புதல் அவன் செய்ய வேண்டியது. அதையும் அவளே செய்ய வேண்டும் என்றால் எப்படி? அன்பர் அடுத்த கடிதத்தை அந்தக் கணவனுக்கு எழுதட்டும். நாலு பக்கம் போதாது.